கடைசி வரி வரை படித்தால் மட்டும் போதாது

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 54, எடை 44 கிலோ. முன்பு பாசி எடுக்கக் கடலுக்குப் போவார். கை மூட்டெல்லாம் வீங்கி, சரவாங்கி (முடக்குவாதம்) என்று தெரிந்தபிறகு போவதில்லை. 7 வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி. மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சாப்பிட்டு வந்தார். மூன்று வருடமாக டாக்டரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறோம். வலி கூடுதலான நாளில் அங்கேயே வலி மாத்திரையும் வாங்குவார். இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லி, பயந்துபோய் 10 நாளாக நிறுத்திவிட்டார். இப்போது விரலை மடக்க முடியவில்லை. ஊரில் நடந்த கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். கண் நன்றாக இருக்கிறது, புரை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றார்கள். இது போதுமா? மாத்திரையைத் தொடரலாமா? அப்பாவுக்குச் சர்க்கரைக்காக இதே மாத்திரை தருகிறார்கள், அவரும் கண்ணைக் காட்ட வேண்டுமா? பெரியப்பா சாப்பிடும் டி.பி. மாத்திரையும் கண்ணைப் பாதிக்குமாமே?

பதில்: முகாமில் பார்த்தது போதாது. அவர்கள் மேல் குறை இல்லை. புரை, தூரப்பார்வைக் குறை, கண்ணில் சதை வளர்வது ஆகியவற்றைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனை சரியானதுதான். இந்த மாத்திரை செய்யக்கூடிய கெடுதல் அதில் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. 44 கிலோ எடைக்குத் தினம் 400 மி.கி. கண்ணுக்குப் போகுமுன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் போகக்கூடாது என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எடை என்றால் இன்றைக்குத் தராசில் நின்று பார்க்கும் எடை. 7 வருடத்துக்கு முன் சீட்டில் எழுதிய எடை உதவாது. உங்கள் அம்மாவுக்கு மேல்வரம்பு 220 மி.கி. அவர் சாப்பிட்டு வந்தது கிலோவுக்கு 9 மி.கி., ஏறக்குறைய இரண்டு மடங்கு. தினம் 400 மி.கி. சாப்பிட வேண்டுமானால் ஆள் 80 கிலோ இருக்க வேண்டும். மீன்பிடிக் குடும்பங்களில் சரவாங்கியால் இளைத்துப்போன பெண்களில் 80 கிலோ இருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் 'காலை ஒன்று இரவு ஒன்று' என்பது வாய்க்கு எளிதாக இருப்பதால் சீட்டிலிருந்து சீட்டுக்கு அப்படியே நகலாகி வந்துகொண்டிருக்கிறது. 7 வருடம் தினம் 400 மி.கி. என்றால் மொத்தம் ஒரு கிலோ மருந்து.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு கணக்கு. எடையை 35-ஆல் பெருக்கி 200-ஆல் வகுங்கள். வருவது, ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை 200 மி.கி. மாத்திரை என்பது. பின்னத்தை விட்டுவிடுங்கள். 44 கிலோவுக்கு 7.7 வரும், ஆக வாரத்துக்கு 7, தினம் ஒன்று. 52 கிலோவுக்கு 9. வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. 60 கிலோவுக்கு 10. நான்கு நாள் ஒன்று, மூன்று நாள் இரண்டு. இந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் ஒரு நாள் கூடுவதும் மறுநாள் குறைவதும் ஒரு பொருட்டில்லை, வாரத்தின் கூட்டுத்தொகைதான் கணக்கு. 'ஞாயிறும் புதனும் இரண்டு' என்று மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைத்துவிட்டால் குழப்பம் வராது. கடையில் 200 இல்லை என்று 400 மி.கி. மாத்திரையைத் தந்து, உடைத்துச் சாப்பிடச் சொல்வார்கள், வாங்காதீர்கள். மேல்பூச்சு உள்ள மாத்திரை அது. உடைத்தால் கசந்து கொல்லும், சரிபாதியாகவும் உடையாது. அதைவிட மோசம், 400-ஐ வாங்கி வந்து பழைய பழக்கத்தில் காலை ஒன்று இரவு ஒன்று சாப்பிடுவது. அட்டையில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் படியுங்கள், 300 மி.கி.யிலும் மாத்திரை வருகிறது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? 2014-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இந்த மாத்திரையை 5 வருடத்துக்கு மேல் சாப்பிட்ட 2,361 பேரை ஆராய்ந்தார்கள். கிலோவுக்கு 5 மி.கி.க்குள் இருந்தவர்களில் முதல் 10 வருடத்தில் விழித்திரை பாதிப்பு வரும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு; 20 வருடம் தாண்டினால் கிட்டத்தட்ட 20 சதவீதம். 5-ஐத் தாண்டியவர்களுக்கு 10 வருடத்திலேயே சுமார் 10 சதவீதம், 20 வருடத்தில் 40-ஐ நெருங்கியது. உங்கள் அம்மா இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார். அதற்காக இப்போதே கண் போயிருக்கும் என்று பயந்துவிட வேண்டாம். 10 வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். ஆனால் பரிசோதனையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட உங்களுக்கு இடமில்லை. இந்த மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.

அடுத்தது சிறுநீரகம். இந்த மருந்தின் கணிசமான பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் சரியான அளவு சாப்பிட்டாலும் ரத்தத்தில் மருந்து கூடும். வலி அதிகமானால் மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும் சிறுநீரகத்தைத் தளர்த்தக்கூடியவை. நம் கடற்கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் பாருங்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று விட்டுவிடாமல், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று கேளுங்கள். 54 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.2 இருந்தால் பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், இ.ஜி.எஃப்.ஆர். கணக்குப் போட்டால் 54 அளவில்தான் வரும். 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரை அளவை இன்னும் குறைப்பதா என்று டாக்டர் யோசிக்க வேண்டும், கண் பரிசோதனையையும் கண்டிப்பாக வருடாவருடம் செய்ய வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் சேர்ந்தால் ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு. விழித்திரையின் நடுப்பகுதியில் ஏற்கெனவே வேறு நோய் இருப்பவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை.

இனி, நிறுத்துவதா தொடர்வதா என்ற கேள்வி. பழைய அளவில் மறுபடி தொடங்காதீர்கள். நிரந்தரமாக நிறுத்திவிட்டதாகவும் முடிவு செய்யாதீர்கள். மூட்டு நோய் டாக்டரை இந்த வாரமே பாருங்கள். உடனே மதுரைக்குப் போக முடியாவிட்டால் ராமநாதபுரத்தில் ஒரு பொதுமருத்துவரிடமாவது எடைக்கணக்கைக் காட்டி, தினம் 200 மி.கி. தொடரலாமா என்று கேளுங்கள். 10 நாள் நிறுத்தியதால் கண்ணுக்கு லாபமும் இல்லை, உடம்புக்குப் பெரிய நஷ்டமும் இல்லை; உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே சுமார் 40 நாள் ஆகும். அதனால்தான் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 நாளில் விரல் மடங்காமல் போனதற்கு இந்த மாத்திரையை நிறுத்தியது மட்டும் காரணமாக இருக்காது. நோய் முன்பிருந்தே கட்டுக்குள் இல்லாமல் இருந்து, வலி மாத்திரை அதை மூடி வைத்திருக்கலாம். மூன்று வருடமாக டாக்டரைப் பார்க்காததன் விலை கண்ணைவிட விரலில்தான் அதிகமாகத் தெரியப்போகிறது. சரவாங்கிக்கு மெத்தோட்ரெக்சேட் முதலாக வேறு மருந்துகளும் உண்டு. எது என்பதை அவர் முடிவு செய்யட்டும். இதே மாத்திரையை லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) நோய்க்காகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நீங்களாக நிறுத்தவே கூடாது. லூபஸில் நோய் சீறி எழாமல், சிறுநீரகம் கெடாமல் காப்பதில் இதற்கு ஈடான மாற்று எளிதில் கிடைக்காது. கர்ப்ப காலத்திலும் தொடரச் சொல்லும் மருந்து இது.

கடைசி வரி வரை படித்த கண்ணில் எப்படிப் பாதிப்பு இருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். மருந்து விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமி அடுக்கில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லச் சேர்கிறது. கெடுதல் தொடங்குவது பார்வையின் நடுமையத்தில் இல்லை, அதைச் சுற்றியுள்ள வளையத்தில். உளுந்து வடையில் ஓட்டையை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள சதையைக் கறையான் அரிப்பதுபோல. எழுத்துப் பலகையைப் படிக்க நடுமையம் மட்டும் போதும். அது கடைசிவரை தப்பித்திருக்கும். அதனால் 6/6 பார்வை இருந்துகொண்டே விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கலாம். படிக்கும்போது வார்த்தையில் ஓர் எழுத்து விழுங்கப்படுகிறது, அரிசி பொறுக்கும்போது கல் ஒரு பக்கம் காணாமல் போகிறது என்று ஆள் உணரும்போது நோய் முற்றியிருக்கும். போன செல் திரும்புவதில்லை. முற்றியபின் மாத்திரையை நிறுத்தினாலும் கெடுதல் வருடக்கணக்கில் தொடர்வதுண்டு. நிறமி அடுக்கு கெடுவதற்கு முன் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பரிசோதனை என்ற ஏற்பாடே இந்த இடைவெளியைப் பிடிப்பதற்குத்தான்.

டார்ச்சும் எழுத்துப் பலகையும் மட்டுமில்லை, சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதும் இதற்குத் தனியாகப் போதாது. உள்ளே வளையம் கண்ணுக்குத் தெரிகிற கட்டம் தாமதமான கட்டம். கட்டம் போட்ட சதுரத் தாளைப் பார்க்கச் சொல்வது, நிறப்புள்ளிப் புத்தகம், கையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றி எடுக்கும் படம் எதுவும் இதற்கான பரிசோதனை ஆகாது. வேண்டியவை இரண்டு: ஓ.சி.டி. ஸ்கேன், ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புப் பரிசோதனை). ஒன்று விழித்திரையின் உடம்பைப் பார்க்கிறது, மற்றது வேலையைப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு.

ஓ.சி.டி. எளிது. தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நிமிடத்தில் முடியும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. விழித்திரையின் குறுக்குவெட்டு அடுக்கடுக்காகத் தெரியும். ஒளி உணரும் செல்களின் கோடு நடுமையத்தைச் சுற்றி அறுபட்டிருக்கிறதா, வெளி அடுக்கு மெலிந்திருக்கிறதா என்று பார்ப்போம். இதில் ஒரு நுணுக்கம். ஆசியர்களில் பலருக்கு இந்த வளையம் வழக்கமான இடத்தைவிட வெளியே தள்ளி, ரத்தக்குழாய் வளைவுகளின் ஓரத்தில் தொடங்குகிறது. மையத்தை மட்டும் படம் எடுத்தால் தப்பிவிடும். 'நடுப்பகுதிக்கு வெளியேயும் எடுத்துவிடுங்கள்' என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஃபீல்டு டெஸ்டில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறோம். அது கண் நீர் அழுத்த நோய்க்கு அன்றாடம் செய்யும் பரிசோதனை. அதற்கு 24-2 அல்லது 30-2 என்ற அமைப்பில் புள்ளிகள் 6 டிகிரி இடைவெளியில் வரும். மாத்திரைப் பாதிப்பின் சிறிய வளையம் அந்த இடைவெளிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். 10-2 என்ற அமைப்பில் நடுப்பகுதியில் மட்டும் 68 புள்ளிகள் 2 டிகிரி இடைவெளியில் நெருக்கமாக வரும். சீட்டில் வெறுமனே 'ஃபீல்டு' என்று எழுதியிருந்தால் பணியாளர் வழக்கப்படி 24-2-ஐப் போட்டுவிடுவார். ஆகவே 10-2 கட்டாயம். ஆசியர்களுக்கு வளையம் வெளியே தள்ளியிருக்கலாம் என்பதால் 24-2 அல்லது 30-2-உம் கூடவே வேண்டும். ஒரே நாளில் இரண்டும் செய்ய அம்மாவால் முடியாவிட்டால் 10-2-ஐ முதலில் செய்து, மற்றதை அடுத்த வருகைக்கு வைக்கலாம். அந்த வருகை ஒரு வருடம் கழித்து இருக்கக்கூடாது.

அந்த அறைக்குள் போகுமுன் அம்மாவுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் உள்ள விளக்கையே பார்க்க வேண்டும். எங்காவது மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும், தேடிப் பார்க்கக் கூடாது. பல மினுக்கல்கள் தெரியவே தெரியாது. ஒருவரால் காண முடிகிற மிக மங்கலான வெளிச்சம் எது என்று தேடத்தான் இயந்திரம் வேண்டுமென்றே மங்கலாக்கிக்கொண்டே போகிறது. இதைச் சொல்லாமல் உட்கார வைத்தால், 'ஒன்றுமே தெரியவில்லையே' என்று பயந்து கண்டபடி அழுத்துவார்கள். கண் சிமிட்டலாம். களைப்பாக இருந்தால் பல இயந்திரங்களில் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் நின்று காத்திருக்கும். அதைப் பணியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் விரல் மடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பொத்தானை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தலாம், அல்லது அவர் 'ம்' என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் அழுத்தலாம். வலியோடு தாமதமாக அழுத்தினால் கண்ணில் இல்லாத குறை முடிவுத் தாளில் வந்துவிடும்.

வேறு காரணங்களாலும் தாள் பொய் சொல்லும். படிக்கும் கண்ணாடியின் பவருக்கு ஏற்ற லென்ஸை இயந்திரத்தில் வைக்காமல் செய்வது, மேல் இமை தொங்கி மேல்பாதியை மறைப்பது, சொட்டு மருந்து விட்டபிறகு செய்வது. சரவாங்கியோடு கண் வறட்சியும் சேர்ந்து வருவது அதிகம். வறண்ட கண்ணில் ஓ.சி.டி. படமும் மங்கும். செயற்கைக் கண்ணீர் சொட்டு இரண்டு துளி விட்டுவிட்டு உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். புரை இருந்தால் தாள் முழுவதும் சீராக மங்கலாக வரும், வளையமாக வராது. முதல்முறை செய்பவர்களின் தாள் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். அதை வைத்து யாராவது உடனே மாத்திரையை நிறுத்தச் சொன்னால் இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தாளின் மேல் மூலையில் பார்வை விலகிய கணக்கு இருக்கும். அது 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலும், பொய்யாக அழுத்திய கணக்கு 15-ஐத் தாண்டியிருந்தாலும் அந்தத் தாளை நம்புவது கடினம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எழுத்துப் பலகையும் கண்ணாடிப் பவரும், பிறகு ஃபீல்டு, பிறகு சொட்டு மருந்து, பிறகு ஓ.சி.டி., கடைசியில் டாக்டர் உள்ளே பார்ப்பது. சொட்டு மருந்தை முதலில் விட்டுவிட்டால் அன்றைய ஃபீல்டு வீண். ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்து காலையில் இந்தப் பரிசோதனைக்கு உட்காருவதும் அப்படித்தான்.

எங்கே போவது? முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில், 10-2 ஃபீல்டும் ஓ.சி.டி.யும் ஒரே நாளில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோ அரசு ராஜாஜி மருத்துவமனையோ, ஓ.பி. சீட்டு வாங்கும்போதே விழித்திரைப் பிரிவு என்று சொல்லிவிடுங்கள். எப்படியும் மூட்டு நோய் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போகத்தான் வேண்டும், ஒரே பயணமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளைத் தாளில் இதை எழுதிக் கையில் கொடுங்கள்:

'ஹைட்ராக்சிகுளோரோகுயின் 400 மி.கி. தினமும், 7 வருடம். எடை 44 கிலோ. கிரியாட்டினின் இவ்வளவு, இ.ஜி.எஃப்.ஆர். இவ்வளவு, பார்த்த தேதி. டமாக்சிஃபென் இல்லை. இதுவரை ஓ.சி.டி.யோ ஃபீல்டோ செய்ததில்லை. மாத்திரைப் பாதிப்புக்கான பரிசோதனை வேண்டும்.'

'கண் செக்கப்' என்று மட்டும் சொன்னால் கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மாத்திரை அட்டை, பழைய சீட்டு, போட்டுக்கொள்ளும் கண்ணாடி மூன்றையும் எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டபின் 4 முதல் 6 மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பாம்பன் பாலத்தில் இரு பக்கமும் கடல் மின்னும்போது கண்ணைத் திறக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கூட ஓர் ஆளும் வேண்டும். (கறுப்புக் கண்ணாடி போட்டால் மாத்திரைப் பாதிப்பு வராது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். கூச்சத்துக்கு மட்டுமே அது.) ஓ.சி.டி. படத்தையும் ஃபீல்டு தாளையும் நகலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க இந்த வருடத் தாள் இல்லையென்றால் பாதிப் பயன் போய்விடும்.

இரண்டும் நன்றாக இருந்தால், சரியான அளவில் மாத்திரையைத் தொடர்ந்து, வருடத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். பொதுவான விதி, மாத்திரை தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒருமுறை, பிறகு 5 வருடம் முடிந்ததிலிருந்து வருடாவருடம்; கூடுதல் ஆபத்து இருப்பவர்களுக்கு 5 வருடம் காத்திருக்கக் கூடாது. நாள் மறக்காமல் இருக்க, விசைப்படகுகள் கரையேறும் மீன்பிடித் தடைக்காலத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள். துணைக்கு வர வீட்டில் ஓர் ஆண் இருக்கும் காலம் அது. கையில் காசு குறைவாக இருக்கும் காலமும் அதுதான், ஆகவே அரசு மருத்துவமனையில் முடியுமா என்று முதலில் பாருங்கள். முதல் பரிசோதனையை மட்டும் தடைக்காலத்துக்காகக் காத்திருந்து செய்யாதீர்கள்.

இரண்டில் ஒன்று மட்டும் சந்தேகமாக இருந்தால் ஃபீல்டைத் திரும்பச் செய்வோம். விழித்திரை தானாக ஒளிர்வதைப் படம் எடுக்கும் பரிசோதனையும், பல புள்ளி மின்பதிவும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அவை முடிவைத் தெளிவாக்கும். ஃபீல்டும் ஒரு படமும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் பாதிப்பு உறுதி. உறுதியானால் கண் டாக்டரும் மூட்டு நோய் டாக்டரும் பேசி மாத்திரையை நிறுத்துவார்கள், மாற்று மருந்து தொடங்குவார்கள். இதற்குச் சொட்டு மருந்தோ லேசரோ கிடையாது. விழித்திரைக்குச் சத்து மாத்திரை என்று விற்பதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அந்தக் காசுக்கு ஓ.சி.டி. எடுக்கலாம். புரைக்கு அறுவை செய்யும் நாள் வரும்போது, அதற்கு முன்பே ஓ.சி.டி. எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அறுவைக்குப் பின் பார்வை தெளியாதபோது பழி லென்ஸின் மேல் விழும்.

அப்பா விஷயம். நம் நாட்டில் 2014-இல் இந்த மாத்திரையைச் சர்க்கரைக்கும் துணை மருந்தாக அனுமதித்தார்கள், பொதுவாகத் தினம் 400 மி.கி. அதே எடைக்கணக்கு, அதே கண் பரிசோதனை அவருக்கும் உண்டு. நோய் மாறினால் விழித்திரைக்கு விதி மாறாது. சர்க்கரையே விழித்திரையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய். ஆகவே அவர் இரண்டு காரணத்துக்காகவும் சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும், சர்க்கரைக்காக வருடந்தோறும். விழித்திரையில் ஏற்கெனவே ரத்தக்கசிவோ நீர்க்கோப்போ இருந்தால் மாத்திரைப் பாதிப்பைப் பிரித்தறிவது கடினமாகிவிடும். சர்க்கரைக்கு வேறு மாத்திரைகள் ஏராளம் இருக்க, 80 கிலோ இல்லாத ஒருவருக்கு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, இதைத் தினம் 400 மி.கி. வருடக்கணக்கில் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய டாக்டரிடம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூட எடுக்கிறார் என்றால், இந்த மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் தாழ்சர்க்கரை வரலாம், அதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் ஒரே பெயரில் இருவருக்கு மாத்திரை இருப்பதால் டப்பாக்களைத் தனித்தனியாக, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிறு குழந்தை ஒன்றிரண்டு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்தான மாத்திரை இது.

பெரியப்பாவின் டி.பி. மருந்தில் கண்ணைத் தொடுவது எத்தாம்பியூட்டால். அது கெடுப்பது விழித்திரையை இல்லை, கண் நரம்பை. அதனால் மேலே சொன்ன வருடாந்தரக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் நடப்பது இது. வழக்கமான 6 மாத சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்து, பின் 4 மாதம் மூன்று மருந்து; இரண்டு கட்டத்திலும் எத்தாம்பியூட்டால் உண்டு. வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாளிதழின் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், சிவப்புத் துணி ஒன்று இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். எழுத்து மங்கினாலோ, சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.பி. மருந்து தருபவரிடம் காட்ட வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குப் பார்வை திரும்புகிறது, ஆகவே நாளை பார்ப்போம் என்பது கூடாது. ஆனால் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்காரவும் கூடாது: அரசு தரும் ஒரே மாத்திரைக்குள் மூன்று, நான்கு மருந்து கலந்திருக்கிறது, அதை நிறுத்தினால் டி.பி. சிகிச்சை முழுவதும் நின்றுவிடும். எத்தாம்பியூட்டாலை மட்டும் விலக்கி, மற்றவற்றைத் தனித்தனியாக எப்படித் தொடர்வது என்பதை அங்குள்ள டாக்டர்தான் எழுதித் தருவார்.